வடமேற்கு மூலை

"இங்கிட்டிருந்து ஆரம்பி புள்ள. மொத நம்பரு எம் வீட்டுக்கு" என்று மணியக்காரர் சேனாதிபதி மேலத்தெரு முனையில் வழிமறித்தபோது, ஓடைக்கரையில் எங்கள் வீட்டுச் சுவரில் நான் செங்காவியால் எழுதிய ஒன்றாம் எண் காய்ந்துவிட்டிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டு எண் போடும்போது வடமேற்கு மூலையில் தொடங்கித் தென்கிழக்கில் முடிக்க வேண்டும் என்று கொடைக்கானல் பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரான வட்டப்பாறையின் வடமேற்கு மூலை எங்கள் ஓடைக்கரை. சாரல் அடிக்கும் பக்கம், செத்த மாட்டை இழுத்து வந்து போடும் பக்கம் என்று பார்த்துத்தான் எங்களை அங்கே ஒதுக்கினார்கள். அந்த மூலையில் எண் தொடங்கும் என்று ஒதுக்கியவர்களுக்குத் தெரியவில்லை.

"பாப்பம்மா மக எனக்குத் தெச சொல்லித் தர்றாளாக்கும்."

"நான் சொல்லலைங்க, கவர்மெண்டு சொல்லுது. சந்தேகம்னா சூரியனக் கேட்டுக்கங்க."

இந்த ஊரில் பி.ஏ. முடித்தவள் நான் ஒருத்திதான். மேலத்தெருவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன கணக்குக்கு வந்தவர் ஓடையைத் தாண்டவேயில்லை. இதே மணியக்காரர் மேலத்தெருப் பக்கமே நின்று, "அம்பது அறுவது உருப்படி இருக்கும், எழுதிக்கிருங்க" என்றாராம். அப்போது அம்மாவின் இடுப்பில் தம்பி இருந்தான். அந்த உருப்படிகளில் அவன் உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காவிச் சிரட்டையை ஏந்தி அம்மா என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு டீ ஊற்றவென்று டீக்கடைத் தட்டியில் தனியாகச் செருகியிருந்த சிரட்டை அது. காலையில் நான்தான் பிடுங்கி வந்தேன். வீட்டுக்கு வீடு அவள் கெஞ்சினாள்.

"வேணாந்தாயி, அவுகளுக்கே மொத நம்பரப் போட்டுரு. நாளைக்குப் பூண்டுக் காட்டுக்கு வராதேன்னுட்டா எங்க போவேன்?"

மணியக்காரரின் பூண்டுக் காட்டில் களையெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். அந்தக் காடு போனால் அவளுக்கு வேறு சோலியில்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு போனேன்.

தென்கிழக்கில் கடைசி வீடு அவருடையது. அறுபத்தெட்டு. அவர் வாசலில் குறுக்கே நின்றார். எதிர்வீட்டுப் பெண்கள் கதவிடுக்கில் பார்த்தார்கள்.

"எம் வீட்டுச் செவத்துல ஒங்கையி படக்கூடாது."

"சரிங்க. நம்பர் இல்லாத வீட்டுல ஆளில்லேன்னுதான் ஆகும். ஒங்க குடும்பத்த விட்டுட்டு வட்டப்பாறைக் கணக்க முடிச்சிர்றேன்."

எதிர்வீட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் கறுத்தது.

"பிரஷ்ஷக் கீழ வையி. நானே எழுதிக்கிறேன்."

படிக்கல்லில் வைத்தேன். இரண்டு விரலால் எடுத்தார்.

"ஏ பாப்பம்மா, சிரட்டையையும் வச்சிட்டுத் தள்ளி நில்லு."

அம்மா குனிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நாளெல்லாம் கெஞ்சியவள்தானே. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த வாசலில் அவள் நிமிர்ந்து நின்றதில்லை.

அவள் குனியவில்லை. சிரட்டையை இரண்டு கையிலும் ஏந்தி நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"கீழ வச்சா கவுந்துருமுங்க. இப்பிடியே தொட்டு எழுதுங்க."

குரல் வழக்கம்போலத் தணிந்துதான் இருந்தது. கைதான் இறங்கவில்லை.

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை அவள் கையிலிருந்த சிரட்டைக்குள் விட்டார். ஆறு கோணலாக விழுந்தது. எட்டின் பாதியிலேயே காவி வற்றிவிட்டது. மறுபடி அம்மா பக்கம் திரும்பினார்.

அவள் சிரட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.