நடைக் குழுவின் ஆறு கடிதங்கள்

அக்டோபர் பிறந்தால் பாலோ ரோஹோ குடியிருப்பில் புல்லைக் கொல்லுவார்கள். கோடை முழுக்கத் தண்ணீர் விட்டு வளர்த்ததை மண்ணோடு வழித்தெடுத்துவிட்டு, குளிர்காலத்துக்கென்று வேறு புல் விதைத்து, நாளைக்கு எட்டுத் தடவை தண்ணீர் பாய்ச்சுவார்கள். மதிலுக்கு வெளியே அரிசோனாப் பாலைவனம் நாக்கு வறண்டு கிடக்கும். உள்ளே சதசதவென்று சேறு மிதிபடும். விதை முளைத்துத் தலைதூக்கும் வரை, அதாவது மூன்று வாரம், கோல்ஃப் மைதானத்தில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

அந்த மூன்று வாரமும் அங்குள்ளவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. ஒரு காலத்தில் பெரிய பெரிய கம்பெனிகளை ஆட்டிவைத்தவர்கள். காலை ஆறு மணிக்கு வழக்கம்போலத் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு கோல்ஃப் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஏறிய பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். தபால் பெட்டி வரைக்கும் ஓட்டிப் போய்விட்டுத் திரும்புவார்கள். போன வருடம் சக் பிராண்ட்வோல்ட் வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் பந்தைத் தட்டிப் பார்த்ததில் அவர் மனைவி பிட்ஸியின் கண்ணாடிக் குதிரைக்கு மூன்று கால்தான் மிச்சம்.

வெர்னா டோலஃப்சனுக்கு இந்தத் துக்கத்தில் பங்கில்லை. மினசோட்டாவில் ஒரு சிற்றூர்த் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கணவர் கோர்டனோடு இங்கே வந்தவள். கோர்டன் வந்தது புல்லுக்காக. அவள் வந்தது புல்லே இல்லாத இடத்தைப் பார்ப்பதற்காக. கோர்டன் இறந்து மூன்று வருடமாகிறது. அவருடைய வண்டி கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அவள் அதைத் தொட்டதில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு ஒற்றையடிப் பாதை. கோல்ஃப் மைதானத்தின் ஏழாம் குழிக்குப் பின்னால் தொடங்கி, ஐந்து கை விரித்த சகுவாரோ கள்ளியைச் சுற்றி, ஒரு பாறைமேட்டில் ஏறி, கிளப் கட்டடத்துக்குப் பின்புறம் போய் இறங்கும். ஒன்றேகால் மைல். பாலைவனத்தில் கட்டிய அந்தக் குடியிருப்புக்குள் மிச்சமிருந்த பாலைவனம் அவ்வளவுதான். பாறைமேல் நின்று கிழக்கே பார்த்தால் ஒரு கூரை, ஒரு புல்தரை, ஒரு செயற்கை ஏரிகூடக் கண்ணில் படாது. தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்பாள். பாதை வாசலில் தகரப் பெட்டிக்குள் ஒரு பதிவேடு உண்டு. போகும்போது அதில் பெயரும் தேதியும் எழுதுவாள்.

அந்தப் பதிவேடுதான் வினையாக வந்தது. செப்டம்பர் கடைசியில் நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம். சென்ற ஆண்டில் பாதையைப் பயன்படுத்தியவர்களின் கையெழுத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆட்கள் ஒன்று. வெளிப்புறப் பொழுதுபோக்கு வசதி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது உறுப்பினர் வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதிக் கூட்டத்துக்குள் ஒரு நடைக் குழு அமைந்து இருபது பேர் கையெழுத்திடாவிட்டால், அந்த இடத்தை மட்டப்படுத்தி எட்டு பிக்கிள்பால் பந்தாட்டத் தளம் போடப்படும்.

வெர்னா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஒரு தாளில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டு, முதல் எண்ணுக்கு எதிரே தன் பெயரை எழுதினாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள். புல் விதைக்கும் மூன்று வாரம் வருகிறது. போக்கிடமில்லாத கோல்ஃப்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கிளப் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினாள்.

முதல் வியாழக்கிழமை பதின்மூன்று பேர் வந்தார்கள். பன்னிரண்டு வண்டியில்.

"நடைன்னு போட்டிருந்தியே வெர்னா, வண்டிய எங்க விடுறது?" என்றார் சக். சிமென்ட் கம்பெனி வைத்திருந்தவர். இந்த எழுபத்து மூன்று வயதிலும் அவர் பேசினால் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் வரும்.

"வண்டிய இங்கயே விட்டுட்டு நடக்கணும் சக். நடைன்னா அதுதான்."

"எவ்வளவு தூரம்?"

"ஒன்றேகால் மைல்."

"போக வரவா?"

"போக மட்டும்."

பதின்மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிட்ஸி ஒரு பெட்டி நிறைய, ஐஸில் நனைத்து எலுமிச்சை வாசனை தெளித்த துவாலைகள் கொண்டுவந்திருந்தாள். அதை யார் தூக்குவது என்பதில் பத்து நிமிடம் போயிற்று. புறப்பட்டு இருநூறு தப்படிகூட இருக்காது, சக் ஒரு செடியோரமாக நகர்ந்து நின்றார். அது சோய்யா கள்ளி, உரசியவனோடு கூடவே வந்துவிடும். ஒரு முள்ளுருண்டை அவர் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது.

"ஐயோ, கடிச்சிருச்சு! ஏதோ மிருகம்!"

"மிருகமில்ல, செடி. கையால தொடாதீங்க," என்று சொல்லி வெர்னா பையிலிருந்து சீப்பை எடுத்து ஒரே நெம்பில் உருண்டையைத் தட்டிவிட்டாள்.

"தல வாரத்தான் சீப்பு கொண்டாந்தியோன்னு நெனச்சேன்," என்றாள் பிட்ஸி. "நல்லவேள கண்ணு, அவருக்கு வாரதுக்கு தலயில ஒண்ணுமில்ல."

எப்படியோ எல்லாரும் பாறைமேட்டில் ஏறினார்கள். வெர்னா கிழக்கே கை காட்டினாள். மலை ஊதா நிறத்தில் எழுந்து நின்றது. ஒரு காடைக் கூட்டம் புதருக்கடியில் ஓடியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் எல்லாரும் மேற்குப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள்.

"அட, இது கிளப்புக்கே போய் இறங்குதேப்பா!" என்றார் சக். "ரோட்டுல சுத்திப் போறதுக்கு இது எவ்வளவு கம்மி!"

கையெழுத்துக்கு வந்தபோது சக் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு நின்றார். "போடுறேன் தலைவியே. ஆனா அந்தக் கடிக்கிற செடி இருக்கக் கூடாது. நீ குழுவோட தலைவி, நீ எழுதினாத்தான் நிர்வாகம் செய்யும்."

வெர்னா யோசித்தாள். செடி போனாலும் பாதை இருக்குமே. அன்று மாலையே முதல் கடிதம் எழுதினாள். கார்பன் வைத்து நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்தாள். மறுநாளே புல்வேலை ஆட்கள் வந்து பாதையின் இருபுறமும் சோய்யாவை வேரோடு பிடுங்கிப்போட்டார்கள். தாளில் பதினான்கு பெயர் ஏறியது.

இரண்டாம் கடிதத்தில் நிழல் கேட்டாள். மூன்று பெரிய குடைகள், அவற்றின் விளிம்பில் பனிப்புகைபோல நீர் தெளிக்கும் குழாய்கள். "பாலைவனத்த ரசிக்கணும்னா கொஞ்சம் ஈரமா இருந்தாத்தானே முடியும்?" என்று பிட்ஸி கேட்டது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூன்றாம் கடிதம், கல் குத்துகிறது என்பதற்காக. பாதைக்குச் சிமென்ட் தளம். சக் பன்னிரண்டு அடி அகலம் கேட்டார். வெர்னா விடவில்லை.

"ஆறடி. அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட எழுத மாட்டேன்."

"நீ தபால் ஆபீஸ்லயும் இப்படித்தான் இருந்தியா?"

"இதைவிட மோசம்."

நான்காவது, பாம்பு பயத்துக்கு. பாதையின் இரு ஓரமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர். அதற்குள் பத்தொன்பது பெயர் சேர்ந்துவிட்டது.

இருபதாவது ஆளுக்குத்தான் திண்டாட்டம். கூட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது ஹார்லன் ஸ்டப்ஸ் பிடிகொடுத்தார். புதிதாக முட்டி மாற்றிக்கொண்டவர். கிளப் மதுக்கூடத்து மூலை நாற்காலி அவருடையது.

"எனக்கு முட்டி ஆகாதும்மா. வண்டி போகலாம்னா போடுறேன்."

"நடைக் குழுங்க இது."

"நான் வண்டியில ஒக்காந்துக்கிட்டே உங்க கூட நடக்குறேன். யார் வேண்டாங்கறா?"

ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு முட்டி என்று வெர்னா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மருத்துவர் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும் வண்டியில் வரலாம் என்று ஐந்தாம் கடிதம் எழுதினாள்.

அதை வாங்கிக்கொண்ட மேலாளர் கெண்ட்ரா சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "அருமை மேடம். இன்னும் ஒரே ஒரு கடிதம் வேணும். வண்டி ஓடுற நேரத்துல பாதையில ஆள் நடக்கக் கூடாதுன்னு. இன்சூரன்ஸ்காரங்களுக்காகத்தான், சும்மா சம்பிரதாயம். காலையில அஞ்சுலேருந்து பத்துன்னு போட்டுக்கலாமா?"

"அதுதானே நான் நடக்குற நேரம்?"

"ஒரு வண்டிக்காக யாராவது உங்களப் புடிப்பாங்களா மேடம்? இது இல்லேன்னா அஞ்சாவது செல்லாது. அது இல்லேன்னா ஸ்டப்ஸ் சார் இல்ல. சார் இல்லேன்னா..."

எட்டுத் தளங்களில் பிளாஸ்டிக் பந்து டொக் டொக் என்று அடிபடுவது வெர்னாவின் காதில் கேட்டது. ஆறாம் கடிதத்திலும் கையெழுத்திட்டாள். நகலைக் கோப்பில் வைக்கும்போது மட்டும் ஒருமுறை நிறுத்தி, மறுபடி படித்துப் பார்த்தாள்.

கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பாதை பிழைத்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயற்கையைக் காத்தவர் என்று எழுதிய கண்ணாடிப் பலகை ஒன்றை வெர்னாவுக்குக் கொடுத்தார்கள். கோல்ஃப் மைதானமும் பச்சைப்பசேலென்று திறந்தது.

டிசம்பர் முதல் வாரம் சிமென்ட் காய்ந்தது. பதிவேடு இருந்த தகரப் பெட்டியின் இடத்தில் இப்போது விதிப்பலகை. ஆறு மணிக்கு வெர்னா பாதி தூரம் போயிருப்பாள், பின்னாலிருந்து ஹாரன். திரும்பினாள். ஹார்லனின் முட்டி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பதினெட்டு வண்டி. ஹார்லனைக் காணோம், அவர் அந்த நேரத்துக்கு எழுவதே இல்லை. முன்வண்டியில் சக், அவருக்குப் பின்னால் வரிசையாக நடைக் குழு, எல்லாரும் ஏழு மணி ஆட்டத்துக்குக் குறுக்கு வழியில் கிளப்புக்குப் போகிறார்கள். வண்டிக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் மருத்துவர் சான்றிதழ். எல்லாச் சான்றிதழிலும் பன்னிரண்டாம் குழிக்கு எதிர்வீட்டுத் தோல் மருத்துவரின் கையெழுத்து.

"ஒதுங்கு தலைவியே, மணியாச்சு!" என்று சக் கத்தினார்.

ஒதுங்க இடமில்லை. இருபுறமும் முழங்கால் சுவர். வெர்னா சுவர்மேல் ஏறி நின்றாள். குடையிலிருந்து நீர்ப்புகை அவள் கண்ணாடியில் படிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் போக, உள்ளிருந்தவர்கள் அன்போடு கையசைத்துக்கொண்டு போனார்கள்.

பகல் பதினொரு மணிக்கு விதிமீறல் சீட்டு வந்தது. கெண்ட்ராவிடம் போனாள்.

"மன்னிச்சிருங்க மேடம். புகார் வந்தா நான் சீட்டு கொடுத்தே ஆகணும். விதியும் உங்களோடதுதான், பாருங்க, கீழ உங்க கையெழுத்து. இன்னொரு தடவைன்னா பாதையில உங்களுக்கு அனுமதியே கிடையாது. நீங்க ஒரு வண்டியில போயிரலாமே?"

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து ஆறு கடிதங்களையும் வரிசையாக மேசையில் பரப்பினாள். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தாள். மூன்றாம் கடிதத்தில் ஆறடி. நான்காம் கடிதத்தில் சுவர். ஐந்தாம் கடிதத்தில் வண்டி. அந்த வண்டி எவ்வளவு வேகத்தில் போகவேண்டும் என்று ஆறில் ஒன்றிலும் இல்லை. தன்னைத் தானே நொந்துகொள்ள உட்கார்ந்தவள் எழுந்து போய்க் கொட்டகையைத் திறந்தாள். போர்வையை இழுத்ததும் மூன்று வருடத் தூசி பறந்தது. தோல் மருத்துவரும் சான்றிதழ் தர மறுக்கவில்லை, அவருக்குப் பழகிவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்குக் கோர்டனின் வண்டி பாதை வாசலில் முதல் ஆளாக நின்றது. வெர்னா காலை மிதியில் வைத்தும் வைக்காமலும் நகர்ந்தாள். ஒரு கிழவி நடக்கிற வேகம். சகுவாரோவிடம் வந்ததும் நிறுத்தினாள். தகரப் பெட்டியை அகற்றுமுன் காப்பாற்றி வைத்திருந்த பழைய பதிவேட்டை எடுத்து, மடிமேல் வைத்து, பெயர் எழுதினாள். தேதி எழுதினாள்.

பின்னால் ஹாரன் ஒன்று, இரண்டு, பிறகு எல்லாமாகச் சேர்ந்து.

"வெர்னா! நகரு தாயே! ஏழு மணிக்குப் போகலேன்னா நம்ம நேரத்த வேற ஆளுக்குக் கொடுத்துருவான்!"

"நடைக் குழுதானே சக்? நடக்குற வேகத்துலதான் போகணும்."

"சுத்திப் போகவும் வழியில்லையே!"

"பன்னிரண்டு அடி கேட்டீங்க. நாந்தான் தரல."

பாறைமேட்டில் மறுபடி நிறுத்தினாள். மேட்டைச் சீவிக் குளிர்பானப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அது கிழக்கை அரைவாசி மறைத்தது. மீதி அரைவாசியில் மலை ஊதா நிறத்தில் இருந்தது. வெர்னா இஞ்சினை அணைத்தாள். சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காடை வருமா என்று புதரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.