அப்பளசாமியின் மாட்டுக்கு வந்த சந்தேகம்

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி மோகனாவுக்கு அன்று ஒரே ஒரு கேள்வி வேண்டும். யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேட்டுவிட்டால் போதும். போன வருஷம் இதே பல்கலைக்கழகத் தமிழ்க் கழகத்தின் முகாமில், மலேசியாவின் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், தொண்டை வற்ற ஒரு மணி நேரம் பேசினாள். அத்தனை பேரும் மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருத்தி, நோய் முற்றிய பிறகு கிளினிக்குக்கு வந்தாள். "அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன் மிஸ்ஸி. வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

இந்த வருஷம் கழகத் தலைவன் குமணன் புதுச் சட்டம் வேறு போட்டிருந்தான். முகாமில் யார் வாயில் ஆங்கிலச் சொல் வந்தாலும் பத்துத் தோப்புக்கரணம். அதே வேகத்தில் தோட்டத்து வாசலில் பதாகையும் கட்டிவிட்டான்: 'பால்வினை நோய்கள், விளக்கமும் தீர்வும். அனைவரும் வருக.'

தோட்டத்தில் பால் என்றால் இரண்டுதான். மரத்துப் பால், மாட்டுப் பால். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு மிச்சம் இருப்பது மாட்டுப் பால் மட்டுமே. ஆகவே, ஏழு மாடு வைத்திருக்கும் அப்பளசாமி குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அவரைப் பார்த்ததும் மோகனா கையிலிருந்த குறிப்புத் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எப்படியோ பேசி முடித்தாள். "ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள். பிள்ளைகள் காற்றாடியைப் பார்த்தார்கள். அப்பளசாமி எழுந்தார்.

"நம்ம செவலைப் பசு மூணு மாசமா சரியா பால் குடுக்கல மிஸ்ஸி. பக்கத்து மலாய்க்காரங்க கம்பத்துலேருந்து ஒரு காளைய சேத்தேன். பாக்க வாட்டசாட்டமாத்தான் இருக்கு. அதுக்குப் போயி சீக்கு இருக்குமா?"

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. குமணன் அவரை உட்காரவைக்க ஓடி வந்தான். மாட்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் மோகனாவும் வாயைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள், ஒருத்தரும் காற்றாடியைப் பார்க்கவில்லை.

"இருக்கலாம்ண்ணே. வாட்டசாட்டத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"பத்துத் தோப்புக்கரணம்!" என்றான் குமணன்.

"அப்புறம் போடுறேன், நீ உக்காருலா."

"மருந்து பசுவுக்கு மட்டும் குடுத்தாப் போதுமா?" அப்பளசாமி விடுவதாக இல்லை.

"ரெண்டுக்கும் சேத்துக் குடுக்கணும். இல்லேன்னா திரும்ப வரும். செவலைய மட்டும் நாளைக்கே மாட்டு டாக்டர்ட்ட காட்டிருங்க."

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். பின் வரிசையில் சரண் என்ற பையன் மெல்ல எழுந்தான்.

"மிஸ்ஸி, எங்க வீட்லயும் ஒரு காளை இருக்கு. அதுக்கு ஒண்ணுக்குப் போனா எரியுது. வீட்ல தெரியாம வந்து காட்டலாமா?"

"தாராளமா வரலாம். எங்க கிளினிக்ல எந்தக் காளை வந்தாலும் ரகசியமாத்தான் பாப்போம்."

அவ்வளவுதான், அணை உடைந்தது. தோழி வீட்டுப் பசு, உறை போட மறுக்கும் காளை, ஊசி போட்டுக்கொள்ளப் பயந்த கன்றுக்குட்டி என்று அரை மணி நேரத்தில் மண்டபம் தொழுவமாகிவிட்டது. கடைசியில் துளசி என்ற பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "வலி, எரிச்சல் எதுவுமே இல்லாத பசுவும் வரலாமா மிஸ்ஸி?"

"அதுதாம்மா மொதல்ல வரணும்."

அப்பளசாமிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "இந்தக் காலத்துப் புள்ளைங்க இத்தன பேரு மாடு வளக்குதுங்களா!"

திங்கட்கிழமை காலை மோகனா கிளினிக் கதவைத் திறந்தபோது வெளி பெஞ்சில் துளசி தனியாக உட்கார்ந்திருந்தாள். பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"மாட்டக் கூட்டிட்டு வந்திருக்கேன் மிஸ்ஸி."

மோகனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கம்மா" என்றாள்.