பிலோமியின் லில்லிப் பாத்தி

“ஏம்மா, இந்தப் பூச்செடியெல்லாம் ராவும் பகலும் தண்ணியிலயே நிக்குதே, இதுக்குக் காலு விறைச்சுப் போகாதா?”

சின்னம்மை இப்படிக் கேட்டதும், கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த மருதாயி திரும்பிப் பார்த்தாள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், சோலை மரங்களின் நிழலில், வெயிலே எட்டிப் பாராத ஒரு சரிவு. மேட்டிலிருந்து கசிந்து வரும் தண்ணீர் அங்கே தேங்கிக் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் பக்கத்து வீட்டுப் பிலோமி லில்லி வளர்த்து வந்தாள். சேம்பு போல இலை. வெள்ளைக் காகிதத்தைப் பொட்டலமாகச் சுருட்டியது போலப் பூ.

பிள்ளை சொன்னது நியாயமாகத்தான் பட்டது மருதாயிக்கு. சிலோனில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து தேயிலைக்குள்ளேயே வளர்ந்தவள் அவள். தேயிலை வேரில் தண்ணீர் நின்றால் செடி செத்துப்போகும். ஈரம் கண்ட இடத்தில் கான் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அவள் புருஷன் ஆண்டிக்கு அங்கே வேலையே கான் வெட்டுவதுதான்.

அந்தப் பாத்தியைப் பிலோமி இவளை நம்பித்தான் விட்டுப்போயிருந்தாள். தங்கைக்குப் பிரசவம் என்று கோயமுத்தூர் புறப்பட்டபோது, “கல்லறைத் திருநாளுக்கு வந்துருவேன் மருதாயி. அதுவரைக்கும் பூவைக் கொஞ்சம் பாத்துக்க. சில்வஸ்டருக்கு வருஷா வருஷம் அந்தப் பூதான் கொண்டுபோறது” என்று சொல்லியிருந்தாள். சில்வஸ்டர் அவளுடைய ஒரே மகன். காய்ச்சலில் போய்விட்டான்.

பிலோமிக்காக எதையாவது செய்ய மாட்டோமா என்று மருதாயி தவித்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, ஆடிச் சாரலில் நீலகிரியில் ஜெகதளாவுக்குக் கீழே இந்தத் தோட்டத்தில் வந்து இறங்கிய அன்று, ‘சிலோன்காரங்க’ என்று எல்லாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிலோமி ஒருத்திதான் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்து வந்தாள். நடுங்கிக்கொண்டு நின்ற சின்னம்மைக்குப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்து, “போட்டுக்க கண்ணு” என்று மாட்டிவிட்டாள். அது யாருடைய சட்டை என்று மருதாயிக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“அக்கா வர்றதுக்குள்ள அந்தச் செடிக்கு ஒரு கான் வெட்டிக் குடுங்க” என்றாள் புருஷனிடம்.

ஆண்டி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி முடித்தான். நூல் பிடித்தது போன்ற கான். தண்ணீர் சலசலவென்று ஓடியது. சின்னம்மை கை தட்டினாள்.

அந்த வருஷம் புரட்டாசி மழை தள்ளிப்போனது. பாத்தி வறண்டு வெடித்தது. இலைகள் ஓரம் மஞ்சளாகி ஒவ்வொன்றாகத் துவண்டன. மருதாயி ஓரிரு குடம் ஊற்றிப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீரும் கானோடு போயிற்று.

விறகு பொறுக்க வந்த, கடைக்காரன் பெண்சாதி பாலாமணி அதைப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். “ஏனுங்க மருதாயி, அது சேத்துல பொழைக்கிற பூவுங்க! பைக்காராப் பக்கம் போய்ப் பாருங்க, ஓடைக்குள்ளயே நின்னு பூக்கும். அதுக்குப் போய் வாய்க்கா வெட்டி வெச்சிருக்கீங்களே! சிலோன்காரங்க வந்தா தண்ணிகூட ஊரை விட்டு ஓடுதுங்களே!”

மருதாயி துவண்ட இலையொன்றை நிமிர்த்திப் பார்த்தாள். நன்மை என்று நினைத்து, செத்த பிள்ளையின் பூவையல்லவா பட்டுப்போக விட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது.

“மீசை முளைக்கிறதுக்கு முன்ன இருந்து கான் வெட்டுறேன். வெட்டின கானை மூடுறதுக்கா கடல் தாண்டி வந்தேன்?” என்று முணுமுணுத்தான் ஆண்டி. ஆனால் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்விட்டான். களிமண்ணும் கல்லும் வைத்துக் கானை அடைத்தார்கள். சோலைக்குள் மக்கிக் கிடந்த இலைச் சருகை அள்ளிவந்து வேரைச் சுற்றிப் பரப்பினாள் மருதாயி. கசிவு பழைய வழிக்குத் திரும்பும்வரை விடியலிலும் வேலை விட்டு வந்தும் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். “சாமி, எனக்காக இல்ல, அந்தத் தாய்க்காக” என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமி என்று அவள் யோசிக்கவில்லை. கேட்கிறவருக்கு அது தெரியாதா என்ன?

பாத்தி மெல்ல மெல்லச் சேறாயிற்று. பாதிக்கு மேல் செடிகள் போய்விட்டன. மிச்சத்தில் பச்சைக் குருத்து கண்டது. கல்லறைத் திருநாள் காலையில் பார்த்தால், ஒன்று முழுசாக விரிந்திருந்தது. இன்னொன்று பாதி சுருளில் இருந்தது.

ஆனால் பிலோமி வரவில்லை. கோயமுத்தூருக்குச் சரக்கெடுக்கப் போய்வந்த பாலாமணியின் புருஷன்தான் சேதி கொண்டுவந்தான். தங்கைக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வந்த காய்ச்சல் இன்னும் விடவில்லையாம், விட்டுவர முடியவில்லையாம். “பையன் கல்லறை இன்னைக்கு வெறுமனே கெடக்குமேன்னு அழுதாளாமுங்க” என்றாள் பாலாமணி.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டதும் மருதாயி லயத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு பூவையும் தண்டோடு எடுத்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மாதா கோயில் மேட்டில் ஏறினாள். காலையில் வந்தவர்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லறையிலும் சாமந்தியும் உருகிய மெழுகும் கிடந்தன. ஓரத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் புல் மூடிக் கிடந்தது. சிலுவையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சில்வஸ்டர்.

புல்லைப் பிடுங்கினாள். சிலுவையை முந்தானையால் துடைத்தாள். விரிந்த பூவைத் தலைமாட்டிலும், விரியாததைப் பக்கத்திலும் வைத்தாள். அவர்கள் ஜெபம் அவளுக்குத் தெரியாது.

“தம்பி, அம்மா வந்துருவாங்கப்பா. சித்திக்கு உடம்பு முடியல, அதான். கோவிச்சுக்காத” என்றாள்.

பனி இறங்கத் தொடங்கியது. கம்பிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கீழே நடந்தாள்.

“பாத்தியில பூவைக் காணோமே?” என்று கேட்டான் ஆண்டி.

“பூத்துச்சு, போச்சு” என்று சொல்லிவிட்டு, அவள் உலை வைக்கப் போனாள்.