றியால்தோ பாலத்தில் தற்செயலாக

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பலெர்மோவிலிருந்து பகேரியா போகிற ரயிலில், பக்கத்து இருக்கையில் இருந்த பவளராணி சொன்னது. பகேரியாவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போகிறவர். எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்று, ஆளைக் கொஞ்சம் மெலிய வை என்றார். இரண்டும் செய்திருக்கிறேன்.

முதல் வரியாக இதை வைத்தேன்: “தண்ணீரில் மிதக்கும் வெனிஸ் நகரம் அன்று காலை பொன்னிறமாக—”

சீ, வேண்டாம். பவளராணி வெனிஸைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் ஆட்களின் முகத்தை.

2

ஏன் முகம்? மகள் கேசினிக்கு மாப்பிள்ளை தேடி. பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை, முப்பது தாண்டிவிட்டது, வந்த பேச்சையெல்லாம் தட்டிக் கழித்தவள். இந்த முறையும் சறுக்கினால் இனி வாயே திறப்பதில்லை என்று பவளராணி புருஷனிடம் சொல்லியிருந்தார்.

ஜெர்மனியில் ஒரு பெடியன், பெயர் சுஜன். படம் பார்த்தாயிற்று, அவன் தாய்க்கும் சம்மதம். எங்கள் வழக்கப்படி இரண்டு பக்கமும் கோயிலில் ‘தற்செயலாக’க் கண்டுகொள்ள வேண்டும். சரிவராவிட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை. ஆனால் பலெர்மோவில் செய்தால் பின்னேரத்துக்குள் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் சீசாப் பகுதி முழுக்கத் தெரிந்துவிடும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஆகவே வெனிஸ். மகளுக்குச் சொன்னது விடுமுறை என்று. றியால்தோ பாலம், காலை பத்து மணி, தற்செயல்.

(கதையில் தற்செயல் வந்தால் விமர்சகர்கள் அடிக்க வருவார்கள். நாளும் நேரமும் குறித்த தற்செயலுக்கு என்ன சொல்வார்களோ தெரியாது.)

3

பாலத்தில் உலகமே நின்றது, சுஜனைத் தவிர. பவளராணி மகளைப் பாலத்தில் ஏற்றினார், இறக்கினார், வடிவாய் இருக்கு என்று மறுபடி ஏற்றினார். ரெலிபோன் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் அது தற்செயலா?

கடைசியில் கேசினி இறங்கி நடக்கத் தொடங்கினாள். தாய் பின்னால் ஓடினார். சந்து சந்தாகப் போய், பெயர் தெரியாத ஒரு வாய்க்காலோரப் படியில் மகள் குந்திவிட்டாள்.

அப்போது ஒரு கொண்டோலா வந்தது, அதில்—

[வெட்டிவிட்டேன். படகுக்காரனுக்குப் பாட்டும் எழுத வேண்டி வரும்.]

“ஆரம்மா அந்தப் பெடியன்?” என்றாள் கேசினி.

பவளராணியும் பக்கத்துப் படியில் குந்தினார். எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“சுத்திப் பாக்க வாற ஆக்கள் கழுத்தில அட்டியல் போட்டுக்கொண்டே வாறவை?”

“நேர கேட்டா நீ மாட்டன் எண்டிருப்பாய்.”

“ஒருக்காலும் கேக்கேல்லையே அம்மா. எல்லாரையும் தற்செயலாத்தானே கொண்டுவந்து நிப்பாட்டினனீங்கள். நேர கேட்டிருந்தா நேர பாத்திருப்பன்.”

பவளராணி அழுதுவிட்டார். எனக்குப் பிறகு நீ தனித்துப்போவாய் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை என்றார். இனி ஒருநாளும் உன்னை ஏமாற்றமாட்டேன் என்று மகளின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தார்.

4

நான் இங்கேயே முடித்திருப்பேன். தாய், மகள், கண்ணீர், வாய்க்கால்; இதற்குமேல் என்ன வேண்டும்? பவளராணி விடவில்லை. “பொறும் தம்பி, இனித்தானே கதை,” என்றார்.

கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, தாய் மடிப்பு நிற்க மினுக்கிக் கொடுத்த சட்டையோடு ஒருவன் அந்தச் சந்துக்குள் வந்தான். இவர்களைக் கண்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அன்ரி, தமிழோ? றியால்தோ பாலம் எந்தப் பக்கம்? அம்மாவைத் துலைச்சிட்டன். அங்கை ஆரையோ தற்செயலாச் சந்திக்க வேணுமாம்.”

படத்தில் பார்த்த அதே முகம். கேசினி மெல்லத் தாயின் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை,” என்றார் பவளராணி, “சத்தியமா இது நான் செய்யேல்லை.”

கேசினி என்ன சொன்னாள் என்று தெரிவதற்குள் ரயில் பகேரியாவில் நின்றது, பவளராணி இறங்கிவிட்டார். அடுத்த நாள் அதே ரயிலில் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அவளுக்கு முடிவு செய்தவர்கள் ஏற்கெனவே போதும். முடிவை நீங்கள் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.