ரெனிட்டாவின் பெயரில்

பஸ்ஸில் இருக்கை காலியாகக் கிடந்தும் அன்னத்தாய் உட்காரவில்லை. ராஜபாளையத்தில் ஏறியதிலிருந்து கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். "உக்காரும்மா, கால் வலிக்கல?" என்று மகள் ரெனிட்டா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா கெட." உட்கார்ந்தால் நெருப்பை வைத்த மாதிரி எரியும் என்பதைக் காலேஜுக்குப் போகிற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

மாதவிலக்கு நெருங்கும்போது அரிப்பு தொடங்கும். பிறகு தயிர் திரிந்தாற்போல வெள்ளை படும். விலக்கானதும் துணி உரசி உரசித் தொடை இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். ஆறிவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த மாதம் வந்து நிற்கும். பேண்டேஜ் கம்பெனியில் காடாத் துணி மடிக்கிற வேலை. பொழுதுக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் ஓயாமல் எழுந்து போவதைப் பார்த்துக் கூட வேலை பார்க்கிற சுடலையம்மாள், "ஏட்டி, கக்கூஸுலயே ஒரு பாய விரிச்சுத் தரட்டா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்னத்தாயும் சிரித்து வைத்தாள். மருந்துக் கடையில் படர்தாமரை என்று பொய் சொல்லி வாங்கிய களிம்பு எரிச்சலைக் கூட்டியதுதான் மிச்சம். தன் அழுக்குதான் காரணம் என்று அவளாக முடிவுகட்டி, வெந்நீரில் சலவை சோப்பைக் கரைத்துக் கழுவினாள். காந்தக் காந்தச் சுத்தமாகிறது என்று நம்பினாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் அவள் போகிற சர்ச் சபைக்காரி. புருஷன் பென்சன் மஸ்கட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. புருஷன் பக்கத்தில் இல்லாதவளுக்கு அந்த இடத்தில் நோய் என்றால், எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்பார்கள்? இதுவரை யாரும் கேட்கவில்லை. அவளே தன்னைத் தினமும் கேட்டுக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கியபோது மகளின் காதருகே குனிந்தாள். "ஏட்டி, டாக்டரம்மாட்ட உனக்குன்னு சொல்லுதேன். அந்த நாள்ல வயித்துவலின்னு. நீ வாயத் தொறக்காம இரு."

"எனக்கு எதுக்கும்மா?"

"சொன்னாக் கேளு."

வரவேற்பிலும் ரெனிட்டா என்றே பெயர் கொடுத்தாள். முறை வந்து உள்ளே போனார்கள். அன்னத்தாய் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுதும்மா?" என்று டாக்டரம்மா ரெனிட்டாவைக் கேட்டார்.

வயிற்றுவலி என்றுதான் அன்னத்தாய் ஆரம்பிக்க நினைத்தாள். அதற்கு மட்டும் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால்? ஆளை மாற்றி உண்மையைச் சொன்னாள். "இவளுக்குக் கீழ அரிக்கிதாம். வெள்ளையும் போகுதாம். மாசாமாசம் அந்த நாளுக்கு முன்னாடி வந்துருதாம்."

ரெனிட்டா சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எப்படிக் கழுவுத?"

"வெந்நில சலவ சோப்பக் கரைச்சு..." என்று அன்னத்தாய் முந்திக்கொண்டாள்.

"அவ சொல்லட்டும்."

"ஆமா டாக்டர்" என்றாள் ரெனிட்டா.

"சோப்பு அங்க ஆகாது. வெறும் தண்ணி போதும்." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காத பிள்ள, கேக்க வேண்டியது என் வேல. யாரு கூடயும் பழக்கம் உண்டா? அம்மாவ வேணா வெளிய இருக்கச் சொல்லுதேன்."

இரண்டு வருஷமாக அன்னத்தாய் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடி ஒளிந்தாளோ, அந்தக் கேள்வியின் முன்னால் மகளைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருந்தாள்.

"இல்ல டாக்டர்." ரெனிட்டாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அம்மா பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"இல்லாட்டாலும் வரும். சளி பிடிக்கிற மாதிரி யாருக்கும் வரலாம். சுகர் இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும். சரி, உள்ள போயிப் படு. பாத்துருவோம்."

எனக்கில்லை என்று இப்போது சொல்லிவிடுவாள் என அன்னத்தாய் காத்திருந்தாள். ரெனிட்டா எழுந்தாள். கைப்பையை அம்மா மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பச்சைத் திரையை ஒதுக்கி, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கில் கை வைத்தாள்.

"ஏட்டி, நில்லு!" அன்னத்தாய் எழுந்த வேகத்தில் பை கீழே விழுந்தது. "அவளுக்கில்ல டாக்டர். எனக்கு. எனக்குத்தான்." யாரும் கேட்காமலேயே மேலும் வந்தது: "பிள்ளையோட அப்பா மஸ்கட்ல இருக்காவ. நான் எங்கயும்... சத்தியமா..."

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலியேம்மா."

ஆமாம். மகளைத்தான் கேட்டிருந்தார்.

"நீங்க போயிப் படுங்க. பிள்ள வெளிய இருக்கட்டும்" என்று டாக்டரம்மா கையுறையை எடுத்தார்.

அன்னத்தாய் கட்டிலில் ஏறிப் படுத்துத் தலையைச் சாய்த்தாள். கதவுச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கேட்கவில்லை. திரைக்குக் கீழே ரெனிட்டாவின் பாதங்கள் தெரிந்தன. கட்டில் பக்கமும் இல்லாமல், கதவுப் பக்கமும் இல்லாமல், சுவரைப் பார்த்து நின்றன. ஒரு கால் மட்டும் செருப்புக்குள் நுழைவதும், வெளியே வருவதுமாக இருந்தது.