டைட்டிலில் மூன்றாவது ஆள்

அந்தப் பழைய போலீஸ் தொடரின் டைட்டில் இசை எங்கே ஒலித்தாலும் தணிகாசலம் அசையாமல் நின்றுவிடுவார். தலை சற்றே திரும்பியிருக்கும். வலது கை, இல்லாத தொப்பியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மார்புக்கு நேரே வெள்ளை எழுத்தில் அவர் பெயர் வந்து நிற்கும். வயலின் இழுத்து முடித்ததும் பெயர் கலைந்துபோகும். அவரும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

இளவயதில் அதில் கான்ஸ்டபிளாக நடித்தவர்; டைட்டிலில் மூன்றாவதாக வருபவர். வாரம் ஒருமுறை ஒளிபரப்பான காலத்தில் இது வீட்டில் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. அவர் நிற்கும்போது மனைவி கோமளவல்லி அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள். பிறகு அந்த இசையை ஜனங்கள் செல்போனில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

தணிகாசலம் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மேம்பாலத்தில் இறங்கும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியையின் போன் அந்த இசையில் அடித்தது. அந்த அம்மாள் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளியில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். வேன் வேறு டிரைவரோடு தெருவைக் கடந்து போகும். பிள்ளைகள் கையசைப்பார்கள். கோமளவல்லியால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த டைட்டில் இசையைப் போட்டவரைப் பார்க்கச் சாலிகிராமத்துக்கு பஸ் ஏறினாள்.

இசையமைப்பாளர் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"மூணாவது ஆளா? அந்த இடத்துலதாம்மா வயலின் ஏறுது. அதை எடுத்தா பாட்டு நொண்டும்."

"பாட்டு இருக்கட்டும். அவரை விட்டுடுங்க."

"இடத்தைக் காலியா விட முடியாது. யாராவது நின்னுதான் ஆகணும்."

கோமளவல்லியும் ஒரு பட்டாணியை எடுத்து உரித்தாள். கல்யாணமானதிலிருந்து தான் ஓரிடத்தில் சும்மா நின்றதாக அவளுக்கு நினைவில்லை.

"நான் நிக்கிறேன்."

"பேருக்கு இனிஷியல் உண்டா?"

"வேண்டாம். பேர் மட்டும் போதும்."

தணிகாசலத்துக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. மறுஒளிபரப்பு பகலில் என்பதால் கோமளவல்லி பெரும்பாலும் அடுப்படியில்தான் நின்றாள், கரண்டியும் கையுமாக. அவள் பெயர் அகலமாக இருந்ததால் கடைசி எழுத்து மிக்சியின் மேல் விழுந்தது. வீட்டில் இருக்கும் நாட்களில் தணிகாசலம் வந்து அடுப்பைத் தணிப்பார். பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொள்வார்.

"எப்படி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"நல்லாத்தாங்க இருக்கு. கால்தான் மரத்துப்போகுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஜீப்பும் அதிலிருந்த இன்ஸ்பெக்டரும் தொடரில் வருவதுபோலவே கறுப்பு வெள்ளை. "டைட்டில் முடிஞ்சுதும்மா, வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். கோமளவல்லி கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"சாப்பாட்டுக்கு வந்துடுவியா?" என்றார் தணிகாசலம்.

"கொலை எங்கேன்னு தெரியலையே. ரசம் மூடி வெச்சிருக்கேன், நீங்க சாப்பிடுங்க."

அவள் ஜீப்பில் கால் வைத்ததும் பச்சைப் புடவை சாம்பல் நிறமானது. தணிகாசலம் உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.