பதினேழு கனவுகள்

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது," என்றாள் என் மனைவி.

தப்பா? முழு அத்தியாயமும்தான் தப்பு. அதை எந்த வாயால் சொல்வேன்?

இன்றைக்கு உலகமே அவளை மூளை விஞ்ஞானி என்று கொண்டாடுகிறது. அவளுடைய முதல் சோதனை எலி நான்தான். டெலிபோன் ஆபீசில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். காலையில் நேராக அவளுடைய ஆய்வுக்கூடத்துக் கட்டிலில் போய் விழுவேன். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டுவாள். காகிதச் சுருள்மேல் பேனா முள் கிறுகிறுவென்று கோடு இழுத்துக்கொண்டே இருக்கும்; அந்தச் சத்தத்திலேயே எனக்குக் கண் சொக்கிவிடும். முள் துள்ளினால் கனவு ஓடுகிறது என்று அர்த்தம்; உடனே தோளைத் தட்டி எழுப்புவாள். "என்ன பாத்தீங்க?" போன் மணி, பஸ் நெரிசல், மேனேஜரின் தொப்பை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். விழித்திருந்தபோது நடந்ததைத் தூங்கும் மூளை திரும்ப ஓட்டிப் பார்க்கிறது என்று அவள் கண்டுபிடித்தது இப்படித்தான். பிறகு எத்தனையோ நூறு பேரைத் தூங்கவைத்து அதை நிரூபித்தும் விட்டாள். ஆனாலும் தொடக்கம் என் பதினேழு கனவுகள்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

"அந்தப் பதினேழும் நானா கட்டிவிட்ட கதை."

"விளையாடாதீங்க."

"விளையாடல. ஒவ்வொரு தடவையும் ஒண்ணேதான் வந்துச்சு. நம்ம பாப்பா. ஜன்னல் வெளிச்சத்துல நிப்பா. ஒண்ணும் பேசமாட்டா."

பிறந்த ஒன்பதாம் நாள் போன பிள்ளை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே இவள் எடுத்ததில்லை. ராப்பகலாக வேலையில் கிடந்துதான் எழுந்து வந்தாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? பயந்துபோய் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டேன்.

"முப்பது வருஷம்," என்றாள். நல்ல கோபம். பென்சிலை எடுத்துப் பதினேழையும் ஒன்று விடாமல் அடித்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குப் புருஷனாவது ஒன்றாவது. அடித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

"கைக்குழந்தையாவேவா வருவா?"

"இல்ல. கொஞ்சங் கொஞ்சமா வளந்துட்டே வர்றா. இப்பவும் வர்றா."

"இப்ப எவ்வளவு உயரம்?"

எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினேன். "உன்னவிட ஒரு விரக்கடை கூட."

என் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, அங்கே இடைஞ்சலாகக் கிடந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.